மிதவையும் ஊசியும்: கார்புரேட்டர் வழிவது ஏன்?

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பெரிய காஞ்சிபுரத்தின் இராஜ வீதிகளை ஒட்டிய சந்துகளில், தறிச் சத்தத்துக்கு நடுவே, மோட்டார்ப் பட்டறைகளும் நெடுங்காலமாக உண்டு. திருமணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருவோரின் அம்பாசடர்களையும் பத்மினிகளையும் பழுது பார்த்துப் பழகிய கைகள் அங்கே இன்னும் சில இருக்கின்றன. அத்தகைய வண்டிகள் இப்போது அருகிவிட்டன. எஞ்சியவற்றைச் சிலர் ஆசையோடு காப்பாற்றி வருகிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி தொல்லை தரும் கோளாறு ஒன்று உண்டு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புதிய பாகங்களைப் பொருத்தி, மீண்டும் மாட்டியவுடன் பெட்ரோல் வழியத் தொடங்குகிறது!

இது சிறு கோளாறு அன்று. வழியும் பெட்ரோல் சூடான புகைக்குழாயின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். உள்ளே இறங்கினால் சிலிண்டர் சுவரில் படிந்துள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதன் பசைத்தன்மையைக் குறைக்கும். பிளக் நனைந்து பொறி தட்டாமல் போகும். பழுது பார்த்தபின் இப்படி ஆவது ஏன் என்பதை அறிய, கார்புரேட்டர் எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் காண்பது நல்லது. அதன் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்கவே வந்தது. அந்தப் பாகம் பிசகும்போது பழைய தொல்லை திரும்பி வருகிறது.

கலவை என்னும் சிக்கல்

பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவியே காற்றோடு கலந்து எரிகிறது. அந்தக் கலவையிலும் ஓர் அளவு உண்டு. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் எரியாது, 7.6 விழுக்காட்டுக்கு மிகுந்தாலும் எரியாது. முழுமையாக எரிவதற்கு ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை ஏறத்தாழ 740 கிராம் என்று கொண்டால், அதற்குத் தேவைப்படும் காற்று சுமார் 11 கிலோகிராம். பருமனில் சொன்னால் 9,000 லிட்டர்! ஒரு பங்கு நீர்மத்தை ஒன்பதாயிரம் பங்கு காற்றோடு, எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், விகிதம் பெரிதும் மாறாமல் கலந்து தருவதே கார்புரேட்டரின் வேலை.

பெட்ரோல் மிகுதியாகிப் பிளக் நனைந்த வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். அங்கே எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. அது எரிவதற்கு வேண்டிய காற்றுத்தான் போதவில்லை.

ஆவித் தொட்டி

தொடக்க காலப் பொறியாளர்கள் எளிய வழியைக் கையாண்டனர். அகன்ற தொட்டியில் எரிபொருளை வைத்து, அதன் மேற்பரப்பில் காற்றைச் செலுத்தினர். காற்று ஆவியை வாரிக்கொண்டு எஞ்சினுக்குச் சென்றது. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் இத்தகைய ஆவித் தொட்டிதான் இருந்தது.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு, அந்த வண்டி வகையை ஓட்டிச் சென்றார். வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் குத்திச் சீராக்கினார் என்பர். எரிபொருள் வழியில் சேரும் அழுக்கு மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே தலைகாட்டிவிட்டது.

ஆவித் தொட்டிக்கு வேறொரு குறையும் இருந்தது. பெட்ரோல் ஒரே சேர்மம் அன்று. இலேசானவையும் கனமானவையுமான பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. இலேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். தொட்டியில் எஞ்சுவது வரவரக் கனத்துச் சோம்பிவிடும். நேரத்துக்கு நேரம் கலவை மாறிக்கொண்டே இருக்கும்.

1893

ஆவியாகும் வரை காத்திருக்காமல், நீர்மத்தையே நுண்துளிகளாகச் சிதறடித்துக் காற்றில் தூவினால் என்ன? இந்த எண்ணம் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் வடிவம் பெற்றது. ஹங்கேரியின் புடாபெஸ்டில் டோனாட் பாங்கி, யானோஷ் சொங்கா இருவரும் 1893 பிப்ரவரியில் காப்புரிமை கோரினர். அதே ஆண்டில் ஜெர்மனியில், டெய்ம்லரின் கூட்டாளியான வில்ஹெல்ம் மேபாக் தம் தெளிப்புக் கார்புரேட்டரை உருவாக்கினார்.

இதன் அடிப்படை இயற்பியல் அப்போதே பழையது. பாய்மம் விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இடையில் குறுகிய குழாயில் பாய்மம் ஓடுவதை ஆராய்ந்து இத்தாலியின் வெஞ்சுரி 1797இல் எழுதினார். கார்புரேட்டரின் குறுகிய கழுத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. எஞ்சின் இழுக்கும் காற்று அந்தக் கழுத்தில் விரைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அருகிலுள்ள அறையில் வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல் நுண்துளை வழியே மேலேறித் தூவப்படுகிறது. காற்று மிகுந்தால் உறிஞ்சலும் மிகும். விகிதம் ஓரளவு தானே நிலைக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அறையில் பெட்ரோலின் மட்டம் துளைவாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே, எப்போதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் பெட்ரோல் ஏறத் தாமதமாகும், எஞ்சின் திணறும். மட்டம் உயர்ந்து துளைவாயைத் தாண்டினால், உறிஞ்ச யாரும் இல்லாமலே பெட்ரோல் தானாக வழியும். இதையே பட்டறையில் ‘ஓவர்ஃப்ளோ’ என்கிறார்கள்.

மட்டம் காத்தல்

நீர்மட்டத்தைக் காப்பது நம் நாட்டாருக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிகளின் பூமி. அருகிலுள்ள உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியில் மதகைத் திறப்பதும் மூடுவதும் மனிதர் கையில் இருந்தன. மிகுந்த நீர் கலங்கல் வழியே வெளியேறிவிடும். கரைக்குச் சேதமில்லை.

கார்புரேட்டருக்குக் கலங்கல் கட்டி, மிகுந்த பெட்ரோலைச் சாலையில் விட முடியாது. மதகைத் திறந்து மூட ஆளை அமர்த்தவும் முடியாது. மட்டமே மதகை இயக்க வேண்டும். இதற்கான உபாயம் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் தம் நீர்க் கடிகாரத்தில் மிதவையைக் கொண்டு நீர் வரத்தைச் சீராக்கினார். 1765இல் ரஷ்யாவின் பொல்சுனோவ் நீராவிக் கொதிகலனின் நீர்மட்டத்தை மிதவையால் கட்டுப்படுத்தினார். நம் வீட்டு மாடித் தொட்டியில் நீர் நிறைந்ததும் குழாயை அடைக்கும் பந்து வால்வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கார்புரேட்டரில் மிதவை உயர்ந்து ஒரு கூர்முனை ஊசியைத் துளையில் அழுத்துகிறது, வரத்து நின்றுவிடுகிறது. பெட்ரோல் செலவானதும் மிதவை தாழ்கிறது, வழி திறக்கிறது.

சில வேளைகளில் வேண்டுமென்றே மட்டத்தை மீறச் செய்ததும் உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்களின் அமல் வகைக் கார்புரேட்டரில் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புமுன் அதை அழுத்தினால் மிதவை அமிழ்ந்து பெட்ரோல் மிகும். கலவை செறிவாகி எஞ்சின் எளிதில் கிளம்பும். அங்கே பயனுள்ள உத்தி. வேண்டாத இடத்தில் அதுவே கோளாறு!

சோலெக்ஸ் வருகை

பிரான்சில் குடார், மென்னசன் என்னும் இருவர் தொடங்கிய சோலெக்ஸ் நிறுவனத்தின் கார்புரேட்டர்கள் இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவின. இந்தியாவில் பத்மினி, அம்பாசடர் கார்களிலும் சோலெக்ஸ் வகை இடம் பெற்றது. சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் இவற்றைத் தயாரித்தது. 1985இல் அந்நிறுவனமும் ஜப்பானின் மிக்குனியும் சேர்ந்து யூகால் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை மறைமலை நகரில், காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாக எளிதில் சென்றடையும் தொலைவில் அமைந்தது. ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய வண்டிகள் பலவற்றின் மூச்சுக்குழல் நம் வட்டாரத்தில்தான் உருவாயிற்று.

எல்லாம் புதிது, பின் ஏன் வழிகிறது?

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டறை ஒன்றில் நான் அண்மையில் கண்ட வண்டி ஐம்பது வயதை நெருங்கியது. தந்தையார் ஓட்டியது என்பதால் உரிமையாளருக்கு விற்க மனமில்லை. கார்புரேட்டருக்குக் கடையில் ‘கிட்’ வாங்கிப் போட்டிருந்தார்கள். வண்டி கிளம்பிய சில நிமிடங்களில் பெட்ரோல் வழிந்தது. ஊசி வால்வை இருமுறை மாற்றியும் பயனில்லை. “எல்லாமே புதுசு சார், அப்புறம் எதுக்கு வழியுது?” என்று கேட்டார் இளம் மெக்கானிக். வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

மூத்த மெக்கானிக் கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பழைய வால்வின் துளையில் ஒன்றரை மில்லிமீட்டர் டிரில் பிட் கச்சிதமாக நுழைந்தது. புதியதிலோ இரண்டரை மில்லிமீட்டர் பிட் நுழைந்தது. வால்வின் அடியில் போடும் வாஷரும் பழையதைவிட மெலிந்திருந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டு வால்வுகளும் ஒன்றே.

ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு இவ்வளவு செய்யுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். காரின் பெட்ரோல் பம்பு தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 கிலோகிராம் எடை என்று கொள்வோம். ஒன்றரை மில்லிமீட்டர் துளையின் பரப்பு 0.0177 ச.செ.மீ. எனவே பெட்ரோல் ஊசியைத் தள்ளும் விசை 3.5 கிராம் எடை. இரண்டரை மில்லிமீட்டர் துளையின் பரப்பு 0.0491 ச.செ.மீ. அங்கே விசை 9.8 கிராம் எடை. அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு.

மிதவை நெம்புகோல் வழியே ஊசியை அழுத்துகிறது. அதன் இயந்திர லாபம் 3 என்று கொண்டால், முதல் ஊசியை மூட மிதவைக்கு 1.2 கிராம் தூக்கு விசை வேண்டும். இரண்டாவதை மூட 3.3 கிராம் வேண்டும். கூடுதலாக வேண்டிய 2.1 கிராமை மிதவை எங்கிருந்து பெறும்? ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, இன்னும் அமிழ்ந்துதான் பெற முடியும். பெட்ரோலின் அடர்த்தி 0.74 ஆகையால் 2.8 கன செ.மீ. கூடுதலாக அமிழ வேண்டும். மிதவை 3 செ.மீ. விட்டமுள்ள உருளையானால் அதன் குறுக்குப் பரப்பு 7 ச.செ.மீ. ஆகவே மட்டம் 4 மில்லிமீட்டர் உயர்ந்தபின்தான் வரத்து நிற்கும். துளைவாய்க்கும் பெட்ரோல் மட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியே சில மில்லிமீட்டர்தான் என்பதை மறக்கலாகாது.

வாஷரின் பங்கு இதனோடு சேர்கிறது. இவ்வகைக் கார்புரேட்டரில் வால்வு மேல்மூடியில் கீழிருந்து திருகப்படுகிறது. வாஷர் தடித்தால் ஊசி தாழ்ந்து நிற்கும். மிதவை சிறிது உயர்ந்ததும் வழி அடைபடும். வாஷர் மெலிந்தால் ஊசி ஏறி நிற்கும். மட்டம் மேலும் உயர்ந்தால்தான் அடைபடும். சரியான துளையுள்ள வால்வையும் உரிய தடிமனுள்ள வாஷரையும் போட்டபின் அந்த வண்டியில் பெட்ரோல் வழிவது நின்றது. பாகங்கள் புதியனவா என்பதைவிட அந்த வண்டிக்கு ஏற்ற அளவினவா என்பதே முக்கியமாயிற்று.

தேடும் முறை

பழுது பார்த்தபின் பெட்ரோல் வழிந்தால், மீண்டும் எல்லாவற்றையும் மாற்றுவது தவறான வழி. ஆய்வுக்கூடத்தில் நாம் மாணவர்க்குச் சொல்வது பட்டறைக்கும் பொருந்தும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் காண வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் எப்போது வழிகிறது என்று கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது, பம்பின் கைநெம்புகோலை இயக்கியதும் வழிந்தால் குறை ஊசியிலோ மிதவையிலோ மட்டத்திலோ இருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் வழியாமல் கரும்புகை மட்டும் வந்தால் அது வேறு நோய். ‘சோக்’ முழுமையாக விடுபடாமல் இருக்கலாம். பெரிய ஜெட் போட்டிருக்கலாம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். ஓடும்போது நன்றாக இருந்து, வெயிலில் நிறுத்திய சில நிமிடங்களில் மட்டும் வழிந்தால் வெப்பமே காரணம். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பநிலையிலேயே கொதிக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் மூடிய எஞ்சின் பெட்டிக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பங்கடத்தாத் தகட்டைத் திரும்ப மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஊசியில் குறை என்று தெரிந்தால் முதல் ஐயம் அழுக்கின் மேல் இருக்கட்டும். நெடுநாள் நின்ற வண்டியின் தொட்டித் துரு, பழைய ரப்பர்க் குழாயின் துணுக்கு, கழுவும்போது இளகிய படிவு ஆகியவை ஊசிமுனைக்கும் துளைக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். கார்புரேட்டரை மட்டும் கழுவி, தொட்டியையும் வடிகட்டியையும் விட்டுவிட்டால், கழுவிய அன்றே அழுக்கு மீண்டும் வந்து சேரும். அழுக்கில்லை என்றால் ஊசிமுனையை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். அதில் வளையம் போன்ற தேய்மானம் தெரிந்தால் ஊசியையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னர் மூடியைக் கழற்றி, ஊசியை விரலால் மெல்ல அழுத்தியபடி சைக்கிள் பம்பினால் காற்றைச் செலுத்தலாம். காற்று கசியாவிட்டால் வால்வு நலம். வாயால் ஊதுவது கூடாது, பெட்ரோல் நஞ்சு.

அடுத்தது மிதவை. பித்தளை மிதவையைச் சூடான நீரில் அமிழ்த்தினால், ஓட்டை இருக்குமிடத்தில் குமிழிகள் வரும். உள்ளே பெட்ரோல் புகுந்த மிதவை கனத்து அமிழும், ஊசி மூடாது. ஈயப் பற்று வைத்து அடைத்த மிதவையை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஓரிரு கிராம் கூடினாலும் மட்டம் மாறும் என்பதை மேலே கண்டோம். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது பற்று வைத்தால் வெடிக்கும். அதைத் தேர்ந்த கைகளுக்கு விட்டுவிடுவது நலம். மிதவை தலைகீழாக மாட்டப்பட்டுள்ளதா, புதிய பேக்கிங்கின் விளிம்பு அதைத் தடுக்கிறதா, அறையின் காற்றுத் துளையைப் பேக்கிங் மறைக்கிறதா என்றும் காண வேண்டும்.

கடைசியில் பம்பு. அழுத்தம் மிகுந்த மின்பம்பைப் பொருத்தியிருந்தால் நல்ல ஊசியும் தோற்றுவிடும். மோட்டார் சைக்கிளில் பம்பு இல்லை; தொட்டி ஓரடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் ச.செ.மீ.க்கு 0.02 கிலோகிராம் எடைதான், நாம் கணக்கில் கொண்ட பம்பு தருவதில் பத்தில் ஒரு பங்கு. எனவே அங்கே துளை பெரிதாக இருக்கலாம். அந்த வால்வைக் காரில் போட்டால் வழியும்.

இக்காலத்துக்கு உரிய ஒரு செய்தியும் உண்டு. இப்போது நம் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலின் அடர்த்தி 0.79 ஆகையால் கலவை சிறிதே கனமாகிறது. மிதவை சற்று உயர்ந்தே மிதக்கும். ஆகவே வழிவதற்கு அது நேரடிக் காரணம் அன்று. ஆனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் சிதைக்கக்கூடும். அந்தத் துணுக்குகள் ஊசியில் சிக்கினால் வழியும். பழைய வண்டி வைத்திருப்போர் எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொள்வது முதல் காப்பு.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் பெட்ரோல் திறந்திருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

மிதவைக்குப் பின்

2000ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, இந்தியக் கார்கள் மின்னணு எரிபொருள் பீச்சலுக்கு மாறின. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் 6 விதிகள் நடப்புக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் கார்புரேட்டரைக் கைவிட்டன. இப்போது உணர்கருவி அளக்கிறது, கணினி கணக்கிடுகிறது, பீச்சி திறந்து மூடுகிறது. மிதவையோ அளவியும் கணக்கனும் மதகாளும் ஆகிய மூவர் வேலையை மின்சாரமின்றித் தனியாகச் செய்தது.

புதிய முறை மேலானது என்பதில் ஐயமில்லை. புகை குறைந்தது, எரிபொருள் மிச்சமாயிற்று. ஆயினும் தன் நிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் பொறி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பும் மாணவனுக்குக் கார்புரேட்டரைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது. பழுதடைந்த ஒன்று இருசக்கர வண்டிப் பட்டறைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். அதை வாங்கிப் பெட்ரோல் வாடை போகக் கழுவி, மிதவை அறையில் நீர் ஊற்றி, ஊசி எந்த மட்டத்தில் மூடுகிறது என்று அளந்து பாருங்கள். வாஷரை மாற்றி மீண்டும் அளந்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோல் வழியும் வண்டியின் முன் நிற்கும்போது, எதை முதலில் சோதிப்பது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.